தேநீருக்கு இரண்டு பென்ஸ்

வீட்டுச் செலவை நாள்தோறும் எழுதிவைத்து, ஆண்டு முடிவில் கூட்டிப் பார்க்கும் வழக்கம் எனக்கு என் தந்தையாரிடமிருந்து வந்தது. நீண்டு குறுகிய ஏடு ஒன்றை அவர் வைத்திருந்தார். முதற்பக்கத்தின் உச்சியில் ஒரு சிறு சிலுவை. அதன்கீழ் 'சேசு மரி சூசை துணை'. பிறகு தேதி, பொருள், தொகை, அவ்வளவே. அரிசியும் மருந்தும் அடக்கச் சடங்குக்குப் போய்வந்த பேருந்துக் கட்டணமும் ஒரே வரிசையில் நிற்கும். நானோ அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதிப் பழகியவன். ஆகவே தலைப்பு வாரியாகப் பிரித்தே எழுதுகிறேன்: உணவு, எரிவாயுவும் மின்சாரமும், மருத்துவம், பேரப்பிள்ளைகளின் படிப்பு, பயணம், காணிக்கையும் தருமமும், இதரம். திருவருகைக் காலத்தின் கடைசி வாரத்தில் இத்தொகைகளைக் கூட்டும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு சங்கடம் நேர்கிறது. 'இதரம்' என்னும் தலைப்பு, 'காணிக்கையும் தருமமும்' என்னும் தலைப்பைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கிறது. அந்த இதரத்தில் என்னென்ன அடங்கியுள்ளன என்று யாரேனும் கேட்டால், பாதிக்குமேல் என்னால் சொல்ல இயலாது.

என்னை யாரும் கேட்பதில்லை என்பதுதான் செய்தி. தன் செலவுக்குத் தானே தலைப்பிட்டு, தானே கூட்டி, தானே மன்னித்துக்கொள்ளும் உரிமை என்னைப் போன்ற ஓய்வூதியக்காரனுக்கு உண்டு. எல்லார்க்கும் அவ்வுரிமை இருந்ததில்லை. ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் செலவைத் தலைப்பு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் முறை எங்கே தொடங்கியது என்று சில ஆண்டுகளாகத் தேடிப் படித்து வந்தேன். வணிகர்கள்தாம் தொடங்கியிருப்பார்கள் என்று முதலில் எண்ணினேன். வணிகக் கணக்கு தொன்மையானதுதான். பிரான்சிஸ்கன் துறவியான லூக்கா பச்சோலி 1494 ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட தம் கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கியிருக்கிறார். ஆனால் வணிகனின் கேள்வி, இலாபம் எவ்வளவு என்பது. குடும்பச் செலவைத் தலைப்புகளாகப் பகுத்தவர்களின் கேள்வி வேறு. உழைத்தும் இந்தக் குடும்பத்துக்கு ஏன் போதவில்லை என்பதே அது. அக்கேள்வியை எழுப்பியவர்கள் ஏழைகள் அல்லர். ஏழைகளைப் பார்க்கப் போனவர்கள். அவர்களுள் மிக முந்தியவர்களில் ஒருவர் ஒரு பங்குக் குரு.

இங்கிலாந்தின் பெர்க்ஷயர் மாவட்டத்தில் பார்க்கம் என்றொரு சிற்றூர். வேல்ஸ் நாட்டில் பிறந்த டேவிட் டேவிஸ் என்பவர் 1782 ஆம் ஆண்டு முதல் 1819 இல் இறக்கும் வரை அவ்வூரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவாக இருந்தார். பங்கு மக்களின் வீடுகளைச் சந்திக்கச் சென்றபோது, உழவுக் கூலிகளின் பிள்ளைகள் மெலிந்தும் கந்தலுடுத்தும் இருப்பதைக் கண்டார். இவர்கள் சோம்பலாலும் ஊதாரித்தனத்தாலும் இப்படி இருக்கிறார்கள் என்பது அக்கால மேன்மக்களின் பொதுவான தீர்ப்பு. டேவிஸ் அத்தீர்ப்பை உடனே ஏற்கவும் இல்லை. உடனே மறுக்கவும் இல்லை. வீட்டுக்காரரிடமே அமர்ந்து, வாரத்துக்கு என்ன வருகிறது, எதற்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு எழுதினார். 1787 இல் இவ்வாறு தம் பங்கின் ஆறு குடும்பங்களின் கணக்குகளைத் தொகுத்தார். பிறகு வெற்றுப் படிவங்களை வேறு ஊர்களிலுள்ள நண்பர்களுக்கும் அனுப்பி, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளிலிருந்து கணக்குகளை வரவழைத்தார். உழவுக் கூலிகளின் வழக்கை எடுத்துரைக்கும் அவருடைய நூல் 1795 இல் வெளிவந்தது.

அந்த ஆறில் முதற் குடும்பத்தின் கணக்கை நான் என் ஏட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள். மூத்ததற்கு வயது எட்டு, இளையது கைக்குழந்தை. வாரந்தோறும் கோதுமை மாவு ஏழரை கேலன். அதற்கு 6 ஷில்லிங் 3 பென்ஸ். மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்கும் உப்புக்கும் 4 பென்ஸ். பன்றி இறைச்சி ஒரு பவுண்டு, 8 பென்ஸ். அதைக் கீரையோடு இரண்டு மூன்று வேளை வேகவைத்து, அந்த வெந்த நீரில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். தேயிலை ஓர் அவுன்ஸ், 2 பென்ஸ். சர்க்கரை முக்கால் பவுண்டு, 6 பென்ஸ். வெண்ணெயோ பன்றிக்கொழுப்போ அரைப் பவுண்டு, 4 பென்ஸ். சவர்க்காரம் இரண்டேகால் பென்ஸ். மெழுகுவத்தி 3 பென்ஸ். கிழிந்த துணி தைக்க நூல் 3 பென்ஸ். ஆகக் கூடுதல் 8 ஷில்லிங் 11¼ பென்ஸ்.

வரவு என்ன? கணவனுக்கு ஆண்டில் எட்டு மாதம் வாரத்துக்கு 7 ஷில்லிங். எஞ்சிய நான்கு மாதங்களில் குத்தகை வேலையால் சற்று மிகுதியாக வருவதை ஐம்பத்திரண்டு வாரங்களுக்கும் பகிர்ந்தால் வாரத்துக்கு மேலும் ஒரு ஷில்லிங். மனைவி ரொட்டி சுடவும் துவைக்கவும் தைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் வேண்டும். அவரை விதைப்பு, வைக்கோல், அறுவடை ஆகிய காலங்களில் அவள் ஈட்டுவதை அதேபோல் பகிர்ந்தால் வாரத்துக்கு 6 பென்ஸ். ஆக 8 ஷில்லிங் 6 பென்ஸ். வாரந்தோறும் ஐந்தேகால் பென்ஸ் துண்டு விழுகிறது. வீட்டு வாடகை, விறகு, உடை, பேறுகாலம், நோய் இவை இன்னும் கணக்கில் ஏறவில்லை. அவற்றுக்கு ஆண்டுக்கு 6 பவுண்டு என்று டேவிஸ் மதிப்பிட்டார். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், பவுண்டுக்கு இருபது ஷில்லிங் என்ற பழைய கணக்கில் ஓராண்டுச் செலவு 29 பவுண்டு 4 ஷில்லிங் 9 பென்ஸ். வரவு 22 பவுண்டு 2 ஷில்லிங். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செலவுக்கு வரவே இல்லை.

உடைக் கணக்கையும் அவர் விடவில்லை. ஆணுக்கு ஆணியடித்த காலணி ஒரு சோடி 7 ஷில்லிங், சட்டை இரண்டு 8 ஷில்லிங். பெண்ணுக்குக் காலணி 4 ஷில்லிங். பிள்ளைகளின் உடை, பெற்றோரின் பழந்துணியைத் திருத்தித் தைத்தது பாதி, பிறர் உடுத்துக் கழித்ததை விலைக்கு வாங்கியது பாதி. இதை எழுதிய கை, அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்த கை என்பதில் எனக்கு ஐயமில்லை. பிள்ளைகளுக்கு வாங்கும் உடை எங்கிருந்து வருகிறது என்று ஒரு தாயிடம் கேட்டறிவது எளிய செயலன்று.

இக்கணக்கில் மேன்மக்களின் கண்ணை உறுத்தியது ஒரே ஒரு வரி. அது தேயிலை. சீனத்திலிருந்து கப்பலேறி வரும் ஆடம்பரப் பொருளைக் கூலிக்காரன் வீட்டில் குடிப்பதா என்று அன்று பலரும் சினந்து எழுதினர். டேவிஸ் இதற்குக் கணக்கைக் கொண்டே விடை சொன்னார். ஊரில் பால் இருக்கிறது. ஆனால் கூலிக்காரன் விலைக்கு வாங்கும் வகையில் அது கிடைப்பதில்லை. முன்னாளில் வீட்டில் வடித்த மெல்லிய பீர், மாவூறலின் மீதான வரியால் எட்டாததாகிவிட்டது. சிறு நிலங்கள் பெரும்பண்ணைகளில் சேர்ந்துபோனதால், குடிசைக்காரன் மாடு வளர்க்க வழியில்லை. எஞ்சியது தண்ணீர். அதில் சில இலைகளைப் போட்டு நிறமேற்றி, கொஞ்சம் இனிப்புச் சேர்த்து, காய்ந்த ரொட்டியை நனைத்து உண்கிறார்கள். இது வறுமைக்குக் காரணமன்று. வறுமை கொண்டுவந்துவிட்ட இடம் என்பது அவர் வாதம். நானும் கணக்கிட்டுப் பார்த்தேன். வாடகை முதலியவற்றையும் சேர்த்த ஆண்டுச் செலவில் தேயிலையின் பங்கு நூற்றுக்கு ஒன்றரை. கோதுமை மாவு மட்டும் ஐம்பத்தைந்துக்கு மேல். தேயிலையை அறவே நிறுத்தினாலும் வாரத் துண்டில் பாதிகூட அடைபடாது.

டேவிஸ் நூல் வெளியான இரண்டாண்டுக்குப் பின், 1797 இல், பிரெடரிக் மார்ட்டன் ஈடன் என்னும் பிரபு ஏழைகளின் நிலைபற்றி மூன்று பெருந்தொகுதிகளை வெளியிட்டார். அவரும் குடும்பக் கணக்குகளைத் திரட்டினார்.  அவர் கண்ட முடிவோ வேறு. வட இங்கிலாந்து மக்கள் ஓட்ஸ் கஞ்சியும் கூழும் உண்டு குறைந்த செலவில் வாழ்கையில், தெற்கத்தியர் வெள்ளை ரொட்டியும் தேநீரும் கேட்டுப் பணத்தை வீணாக்குகிறார்கள். குறை வருவாயில் இல்லை, சமையலிலும் சிக்கனத்திலும் உள்ளது என்பது அவர் கருத்து. ஒரே வகைக் கணக்கு, இருவேறு தீர்ப்பு. ஈடனைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கடும் உழைப்பாளி. அவர் திரட்டிய எண்களை இன்றும் ஆய்வாளர் பயன்படுத்துகின்றனர். வடக்கே நிலக்கரியும் பாலும் மலிவு, தெற்கே விறகுகூட அரிது. கூழைக் கிண்டிக் காய்ச்ச எரிபொருள் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், அடுப்பெரியாத வீட்டில் கடையில் வாங்கிய ரொட்டியும் ஒரு கோப்பைச் சூடும் எப்படி உணவாயின என்பது விளங்கும்.

கூலியை ரொட்டி விலையோடு பிணைக்க வேண்டும் என்று டேவிஸ் வேண்டினார். அது நிறைவேறவில்லை. அவருடைய மாவட்டத்திலேயே, 1795 மே 6 ஆம் நாள் ஸ்பீனம்லாந்து என்ற இடத்தில் கூடிய நீதிபதிகள், கூலியை அப்படியே விட்டுவிட்டு, ரொட்டி விலைக்கேற்ப ஏழை வரியிலிருந்து குறைநிரப்பும் ஓர் அளவீட்டை வகுத்தனர். அதன் பலாபலன் குறித்து அரை நூற்றாண்டு வழக்காடினர். அது தனிக் கதை.

இவ்விடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இக்கணக்குகளைப் படிக்கத் தலைப்பட்டதே அதனால்தான். எங்கள் பங்கில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவும் சிறு குழு ஒன்று உண்டு. கணக்கெழுதத் தெரிந்தவன் என்பதால் விண்ணப்பப் படிவம் வரையும் வேலை எனக்கு வந்தது. மாத வருவாய், அரிசி–மளிகை, வாடகை, மின்சாரம், மருந்து, படிப்பு, கடன் தவணை, வெளியில் உண்பது என்று தலைப்பிட்டேன். நான்கு ஆண்டுகளுக்குமுன் மீன் விற்கும் அம்மா ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு வந்தார். கணவர் பக்கவாதத்தில் கிடந்தார். நான் கேட்கக் கேட்க அவர் தயங்காமல் சொன்னார். வெளியில் உண்பது என்ற இடத்தில், "கடைத் தேத்தண்ணிக்கும் பன்னுக்கும் நாளைக்கு முப்பது ரூபா ஆகும், ஐயா" என்றார். மாதம் தொள்ளாயிரம் என்று எழுதினேன். குழுக் கூட்டத்தில் அந்தத் தொள்ளாயிரத்தைச் சுட்டிக்காட்டியவனும் நானே. வீட்டில் ஒரு தேநீர் போட்டுக் குடித்தால் மாதம் அறுநூறு மிச்சமாகுமே என்றேன். விண்ணப்பம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது.

டேவிஸின் தேயிலை வரியை நான் படித்தது அதன்பின் சில வாரங்கள் கழித்து. ஏதோ உறுத்தியது. ஒருநாள் விடியுமுன் உறவினர் ஒருவரை வழியனுப்பிவிட்டு மீன் இறங்குதுறை வழியாக வந்தேன். நாலரை மணி. ஏலத்துக்குக் காத்திருந்த பெண்கள் வரிசையில் அவரும் நின்றார். ஒரு கையில் கண்ணாடிக் குவளை, மறு கையில் பன். நனைத்து நனைத்து விரைவாக உண்டார். பிறகு கூடையைத் தலையிலேற்றினால் தெருத்தெருவாக நடந்து, வீடு திரும்ப ஒரு மணி, இரண்டு மணி. அதற்குப் பின்தான் அடுப்பு எரியும். அந்தத் தேநீரும் பன்னும் அவருடைய காலையுணவு. பெரும்பாலான நாள்களில் மதிய உணவும் அதுவே. நான் அதைத் தேநீர்ப் பழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டனர், உதவியும் வழங்கினோம். ஆனால் மூன்று மாதம் கழிந்துவிட்டது. அதற்குள் அந்தப் பெண் கல்லூரியை விட்டு, இறால் பதனிடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் பணத்தில் மருந்துக் கடன் அடைந்தது. அவள் படிப்புக்குத் திரும்பவில்லை.

வரலாற்றுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இம்முறையைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றவர் பிரெஞ்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளர் பிரெடெரிக் லெ பிளே (1806–1882). தொழில் நிமித்தமாக உருசியாவின் ஊரல் மலை வரை பயணம் செய்தவர் அவர். சென்ற இடமெல்லாம் ஒரு தொழிலாளர் குடும்பத்தைத் தேர்ந்து, அவர்களோடு நாள்களைக் கழித்து, பாத்திரம் பண்டம் வரை எண்ணி, வரவுசெலவை எழுதினார். இவ்வாறு எழுதிய 36 குடும்பங்களின் வரலாறு 1855 இல் ஐரோப்பியத் தொழிலாளர் பற்றிய பெருநூலாக வெளிவந்தது. பணமாக வராதவற்றையும் அவர் வரவில் சேர்த்தார்: பொறுக்கிய சுள்ளி, தோட்டத்துக் கீரை, உறவினர் தந்த உடை. செலவை ஐந்து பகுதிகளாக்கினார். உணவு, உறைவிடம், உடை ஆகியவை முதல் மூன்று. தொழில், கடன், வரி, காப்பீடு ஆகியவை ஐந்தாவது. நான்காவதை ஒழுக்கத் தேவைகள், பொழுதுபோக்கு, உடல்நலம் என்று வகுத்தார். வழிபாட்டுக்குச் செலவிட்டது, பிள்ளைகளின் படிப்பு, பிறர்க்கு இட்ட பிச்சை, விழாநாள் மகிழ்ச்சி ஆகியவை இப்பகுதியில் அடங்கும். அன்றாடங்காய்ச்சிக்கும் பிச்சையிடும் செலவு உண்டு என்று எண்ணி ஒரு வரியை ஒதுக்கிய கணக்கு இது. கத்தோலிக்க சமூகச் சிந்தனையில் பின்னாளில் அவர் பெயர் பெரிதும் பேசப்பட்டது. தந்தையின் அதிகாரத்தைப் பற்றி அவர் எழுதியவை எனக்கு உடன்பாடல்ல. ஆனால் அந்நான்காம் பகுதிக்காக அவரை வணங்குகிறேன்.

அதே 1855 இல் பெல்சியத்தில், சிறைச்சாலைகளின் தலைமை ஆய்வாளரும் பின்னர் அந்நாட்டுக் கத்தோலிக்க மாநாடுகளை முன்னின்று நடத்தியவருமான துக்பெசியோ, உழைப்பாளர் குடும்பங்களின் வரவுசெலவுகளை வெளியிட்டார். சாக்சனி அரசின் புள்ளியியல் அலுவலகத்தை நடத்திய எர்னஸ்ட் எங்கல் இவற்றை ஆராய்ந்து, குடும்பம் எவ்வளவு ஏழையோ அவ்வளவுக்கு அதன் செலவில் உணவின் பங்கு கூடும் என்று 1857 இல் நிறுவினார். அவருடைய அட்டவணையில் உழைப்பாளர் குடும்பம் உணவுக்கு 62 விழுக்காடு செலவிடுகிறது. நடுத்தரக் குடும்பம் 55. வசதியுள்ள குடும்பம் 50. படிப்பு, வழிபாடு முதலியவற்றுக்கு முறையே 2, 3½, 5½. நம் வீட்டுப் பெண்கள் இதை எங்கலுக்கு முன்பே அறிந்திருப்பார்கள். ஆயினும் அறிந்ததை எண்ணாக்கிய பிறகுதான் அரசுகள் செவிசாய்த்தன.

இந்தியாவைப் பற்றி இவ்வகைக் கணக்கை முதன்முதல் எழுப்பியவர்களுள் தாதாபாய் நௌரோஜி தலையாயவர். 1867–68 ஆம் ஆண்டு விலைவாசியில் சிறைக் கைதி ஒருவனின் உணவுக்கும் உடைக்கும் அரசே செலவிடும் தொகையை அடிப்படையாக வைத்து, உயிர் தரிக்க ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 34 ரூபாய் தேவை என்றார். நாட்டின் சராசரி வருவாயோ 20 ரூபாய். குற்றவாளிக்கு அரசு தருவதைக்கூட உழவன் ஈட்டவில்லை என்பதை ஆட்சியாளரின் ஏட்டைக் கொண்டே காட்டிய திறம் அது.

அடுத்து இங்கிலாந்தின் யார்க் நகரம். கோக்கோ, சாக்லேட் ஆலை உரிமையாளரும் குவேக்கர் சபையினருமான சீபோம் ரௌண்ட்ரி, 1899 இல் அந்நகரின் 11,560 உழைப்பாளர் குடும்பங்களை வீடுவீடாக ஆராய்ந்து, 1901 இல் தம் நூலை வெளியிட்டார். பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் உள்ள குடும்பம் உடல்வலிமையை மட்டும் காத்துக்கொள்ள வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்றார். உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ். வாடகை 4 ஷில்லிங். உடை, விளக்கு, விறகு முதலியவற்றுக்கு 4 ஷில்லிங் 11 பென்ஸ். இறைச்சிக் கடையில் வாங்கும் இறைச்சி அந்த உணவில் அறவே இல்லை. அதுகூட ஈட்டாதவர் நகர மக்களுள் 9.91 விழுக்காடு, ஈட்டியும் வறுமையில் உழல்வோரையும் சேர்த்தால் 27.84 விழுக்காடு.

ரௌண்ட்ரி இந்த எல்லைக்கோட்டைப் பாராட்டி வரையவில்லை. இதற்குள் வாழ்வதென்றால் என்ன பொருள் என்று அவரே விரித்துரைக்கிறார். அக்குடும்பம் வண்டியேறக் கூடாது. அரைப்பென்னி நாளிதழ் வாங்கக் கூடாது. வெளியூரிலுள்ள பிள்ளைக்கு மடல் எழுதக் கூடாது, ஏனெனில் அஞ்சல்தலைக்குக் காசு இல்லை. பிள்ளைக்குப் பொம்மை கிடையாது. தகப்பனுக்குப் புகையிலை கிடையாது. தொழிற்சங்கத்தில் சேர முடியாது. ஆலயத்துக்குக் காணிக்கையிட முடியாது. அண்டை வீட்டாருக்குக் காசு செலவாகும் எந்த உதவியும் செய்ய முடியாது. இவற்றுள் ஒன்றை மீறினாலும் அது உணவிலிருந்துதான் போகும். இப்பட்டியலைப் படித்துவிட்டு என் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ரௌண்ட்ரி துயரத்தோடு விலக்கியவற்றை நான் நினையாமலே விலக்கியிருந்தேன். அந்த அம்மா யாருக்கேனும் எதுவேனும் கொடுப்பார் என்ற எண்ணமே படிவத்தை வரைந்தபோது எனக்கு எழவில்லை. அதற்கு ஒரு தலைப்பும் இல்லை.

இன்று நடுவண் அரசே இலட்சக்கணக்கான குடும்பங்களிடம் இக்கேள்விகளைக் கேட்கிறது. 2022 ஆகஸ்டு முதல் 2023 சூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 2,61,746 குடும்பங்கள் விடை சொல்லியிருக்கின்றன. நாட்டுப்புற இந்தியாவில் செலவில் உணவின் பங்கு 46.38 விழுக்காடு; நகர்ப்புறத்தில் 39.17. 1999–2000 இல் இவை முறையே 59.40, 48.06 ஆக இருந்தன. எங்கல் கண்டதுபோலவே உணவின் பங்கு இறங்கி வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆளுக்கு மாதச் செலவு நாட்டுப்புறத்தில் 5,310 ரூபாய், நகர்ப்புறத்தில் 7,630 ரூபாய். என் கண் போய் நின்றது வேறொரு வரியில். விலையின்றிக் கிடைத்த பொருள்களின் மதிப்பைச் சேர்க்காத கணக்கின்படி, நாட்டுப்புறக் குடும்பம் அரிசி முதலிய தானியத்துக்குச் செலவிடுவது 4.91 விழுக்காடு, பானம், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்குச் செலவிடுவது 9.62. தானியத்தைவிடத் தேநீர்க்கடைத் தலைப்பு ஏறக்குறைய இரு மடங்கு. இதைப் பார்த்து மக்களின் நாக்கு நீண்டுவிட்டது என்று எழுதியவர்கள் உண்டு. விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும் கட்டடத் தொழிலாளியும் மீன்கூடைப் பெண்ணும் எங்கே உண்கிறார்கள் என்று அவர்கள் பார்த்தார்களா என்பது எனக்குத் தெரியாது. நான் பார்க்காமல் எழுதியவன். ஆகவே அவர்களைக் கடிந்துகொள்ளத் தகுதியில்லை.

சென்ற திருவிழாவின்போது படிவத்தைத் திருத்தி எழுதினேன். 'வெளியில் உண்பது' என்பதை 'உணவு' என்பதன் கீழ்ச் சேர்த்தேன். லெ பிளேயின் நான்காம் பகுதியை நினைத்து, 'பிறர்க்குக் கொடுப்பது' என்று ஒரு வரியையும் சேர்த்தேன். குழுவினர் சிலர் சிரித்தனர். உதவி கேட்க வருபவரிடம் இதைக் கேட்பது அழகா என்றனர். வாதிட்டுக்கொண்டிருக்கையில், பழைய திருவிழா நன்கொடைப் பட்டியல்களைக் கணக்குத் தணிக்கைக்காக எடுத்து வரும்படி பங்குத்தந்தை என்னை அனுப்பினார். நான்கு ஆண்டுக்கு முந்திய பட்டியலும் அவற்றில் இருந்தது. விண்ணப்பத்தை நாங்கள் தள்ளிவைத்திருந்த அதே மூன்று மாதத்துக்குள் வந்த திருவிழா அது. தெரு வாரியாகப் பெயர்கள். கடற்கரைத் தெருவில் பதினோராவது பெயர் அந்த அம்மாவுடையது. நேராக முந்நூறு ரூபாய்.

என் தெருவின் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேராக இருந்ததும் முந்நூறுதான்.